குற்றாலத்துத் தண்ணீர் எதைக் குணப்படுத்தும்? (நீண்ட இழை)

1/
ஆனி பிறந்து மலையில மேகம் இறங்க ஆரம்பிச்சா என் போனுக்கு ஒரே கேள்வி வரும். "டாக்டர், அருவில குளிச்சா தலைக்கு நல்லதாமே? மூலிகைத் தண்ணியாமே? எங்க வீட்ல ஒருத்தருக்கு மனசு சரியில்ல, ஒரு மண்டலம் கூட்டிட்டுப் போய் குளிக்க வைக்கலாமா?"

தனித்தனியா பதில் சொல்லி அலுத்துப்போச்சு. ஒரேயடியா எழுதிடலாம்னு உட்கார்ந்தேன். எழுத எழுத அது பல நூறு வருஷத்துக் கதையா நீண்டுடுச்சு. எங்க குடும்பக் கதையும் கொஞ்சம் கலந்துடுச்சு. பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க.

2/
வெளியூர் நண்பர்களுக்காக முதல்ல ஊரைச் சொல்லிடறேன். தென்காசியிலிருந்து 5 கிலோமீட்டர்ல குற்றாலம். சிற்றாறு மலையிலிருந்து குதிச்சு, ஓடி, கடைசியில தாமிரபரணியில சேருது. பேரருவி, சிற்றருவி, ஐந்தருவி, புலியருவி, பழைய குற்றாலம், பழத்தோட்ட அருவி, மேலே செண்பகாதேவி, அதுக்கும் மேலே தேனருவி.

பேரருவி நேரா நம்ம தலையில விழுறதில்ல. நடுவுல 'பொங்குமாங்கடல்'னு ஒரு பள்ளத்துல விழுந்து, அங்க வேகம் குறைஞ்சு, பொங்கி வழிஞ்சுதான் கீழ வருது. அந்தப் பள்ளம் இல்லைன்னா பேரருவியில எவனும் நிக்க முடியாது.

3/
உலகத்துல நீர் மருத்துவ ஊர்னாலே பெரும்பாலும் வெந்நீர் ஊற்றுதான். சீனாவில் குவாங்சோ நகரத்தை ஒட்டி லியுசி ஆற்றங்கரையில சொங்குவா இருக்கு. இங்கிலாந்துல பாத். ஜப்பான்ல பெப்பு. நம்ம தமிழ் மண்ணுல திருகோணமலை பக்கத்துல கன்னியா, ஏழு கிணறு. எல்லாம் சூடு.

குற்றாலத்தை 'தென்னிந்தியாவின் ஸ்பா'ன்னு சொல்றாங்க. இங்க சொட்டு வெந்நீர் கிடையாது. ஆனா ஒரு சுவாரசியம்: 'ஸ்பா'ங்கிற பேரைக் கொடுத்த பெல்ஜியம் நாட்டு ஊரான ஸ்பாவிலும் ஊற்று குளிர்ந்த நீர்தான். அதனால பட்டம் பொருத்தமானதே.

4/
இந்த ஊரின் முதல் நோயாளி யார் தெரியுமா? குற்றாலநாதரே.

தலபுராணம் சொல்ற கதை இது. திருமாலாக இருந்த மூர்த்தியை அகத்தியர் தலையில் கைவைத்து அழுத்தி சிவலிங்கமாக்கினார். அழுத்தியதில் சுவாமிக்குத் தலைவலி வந்துவிட்டது. அதனால் மூலிகைகள் சேர்த்துக் காய்ச்சிய தைலத்தை சுவாமி தலையில் சாத்துகிறார்கள். அருவிக்குப் பக்கத்துலயே இருக்கிறதால சளி காய்ச்சல் வரக்கூடாதுன்னு சுக்கு, மிளகு போட்ட கஷாயமும் படைக்கிறாங்க.

சாமிக்கே தலைவலித் தைலமும் கஷாயமும் கொடுக்கிற கோயில். ஒரு மருத்துவனா எனக்கு ரொம்பப் பிடிச்ச கோயில் இது.

5/
சங்கு வடிவத்தில் கட்டிய கோயில், குறும்பலா தலமரம், கொஞ்சம் தள்ளி நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்றான சித்திர சபை. திருஞானசம்பந்தர் குற்றாலத்துக்கு ஒரு பதிகம், குறும்பலாவுக்கு ஒரு பதிகம் என இரண்டு பாடியிருக்கிறார். ஆயிரம் வருஷத்துக்கு மேல ஜனங்க இங்க வந்துக்கிட்டு இருக்காங்கன்னு அர்த்தம்.

18ஆம் நூற்றாண்டில் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே உள்ள மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியைப் பாடினார். அதற்காக மதுரை நாயக்க மன்னர் விசயரங்க சொக்கநாதர் கொடுத்த நிலத்துக்கு 'குறவஞ்சி மேடு'ன்னே பேர்.

6/
இப்போ கொஞ்சம் மருத்துவம். 'பைத்தியம்'ங்கிற சொல் எங்கிருந்து வந்தது? பித்தத்திலிருந்து. பித்து, பித்தன், பைத்தியம் எல்லாம் ஒரே குடும்பம். உடம்புல பித்தம் ஏறி, சூடு தலைக்குப் போனா புத்தி பேதலிக்கும் என்பது பழைய மருத்துவத்தின் கணக்கு.

கணக்கு அதுன்னா வைத்தியமும் அதுதானே? தலையில எண்ணெய் வை, குளிர்ந்த நீரில் நிறுத்து, சூட்டை இறக்கு. ஊரிலேயே பெரிய குளிர்ந்த நீர் எது? குற்றாலம். "போய் ஒரு மண்டலம் அருவில நில்லு, தெளிஞ்சிரும்" என்று சொன்னவர்கள் முட்டாள்கள் இல்லை. அவங்ககிட்ட இருந்த கொள்கைப்படி சரியாத்தான் யோசிச்சாங்க.

7/
"நம்ம ஆளுங்க மூடநம்பிக்கை"ன்னு சிரிக்கிறவங்களுக்கு ஒரு தகவல். அதே காலத்துல ஐரோப்பாவின் மனநல விடுதிகளிலும் இதையேதான் செஞ்சாங்க. நோயாளியை நாற்காலியில் உட்கார வைத்து மேலிருந்து தலையில் குளிர்ந்த நீரைக் கொட்டுவது அங்கே 'சிகிச்சை'. பாரிசில் பிரான்சுவா லூரே என்ற மனநல மருத்துவர், நோயாளி தன் பிரமைகள் பொய் என்று ஒப்புக்கொள்ளும் வரை குளிர்நீர் பீய்ச்சும் முறையைப் பற்றி 1840இல் புத்தகமே எழுதினார்.

கிரேக்க மருத்துவத்திலும் பித்தம் உண்டு, சூடு குளிர் உண்டு. கொள்கை ஒண்ணு. அங்க அதை தண்டனை மாதிரி செஞ்சாங்க. இங்க திருவிழா மாதிரி செஞ்சோம். அது சின்ன வித்தியாசம் இல்லை.

8/
சரி, வெள்ளைக்காரன் எப்போ வந்தான்?

18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்த ஆசை நோய் தீர்ப்பது அல்ல; ஜாதிக்காய். உலகத்து ஜாதிக்காயும் கிராம்பும் இந்தோனேசியாவின் மொலுக்கஸ் தீவுகளில் டச்சுக்காரர் கையில் இருந்தன. 1796இல் அந்தத் தீவுகளை ஆங்கிலேயர் பிடித்தார்கள். அதன்பின் அங்கிருந்து வந்த கன்றுகளை நடத் தேர்ந்தெடுத்த இடங்களில் ஒன்று குற்றாலம். ஈரம், நிழல், மலையடிவாரம் எல்லாம் பொருந்தியது.

வாசனைத் தோட்டக் கனவு பெரிசா லாபம் கொடுக்கல. ஆனா அடுத்த தடவை குற்றாலம் கடைத்தெருவில் மங்குஸ்தான் வாங்கும்போது நினைச்சுப் பாருங்க. மலாய்த் தீவுகளின் பழம் தென்காசிப் பக்கம் விளையுறதுக்குப் பின்னால அந்தத் தோட்டங்களின் கதை இருக்கு.

9/
கூடவே வந்தவர்கள் மருத்துவர்கள். அந்தக் காலத்தில் மருந்து என்றாலே செடி. அதனால் கம்பெனி மருத்துவர்களில் பலர் தாவரவியலாளர்களும்கூட.

எனக்குப் பிடித்தவர் ராபர்ட் வைட். எடின்பரோவில் மருத்துவம் படித்து, 1819இல் சென்னை மாகாணத்துக்கு வந்தவர். முப்பது வருடம் இங்கே வேலை. அவர் சேகரித்த செடிகளில் 'கோர்ட்டாலம்' என்று ஊர்ப் பெயர் எழுதியவை ஏராளம். ரங்கையா, கோவிந்து என்ற நம் நாட்டு ஓவியர்கள் வரைந்த படங்களோடு அவர் வெளியிட்ட பெரிய தொகுதியில் 2,000-க்கும் மேற்பட்ட தாவரப் படங்கள் உண்டு.

நாவல் மர வகையில் ஒன்றுக்கு இன்றைக்கும் அறிவியல் பெயரே 'சைசீஜியம் கோர்டலென்ஸ்'. நம்ம ஊர் பேரை லத்தீன்ல சுமந்துக்கிட்டு நிக்கிற மரம். அழியும் ஆபத்திலும் இருக்கு.

10/
வெயிலில் வெந்த பாளையங்கோட்டை அதிகாரிகளுக்கு விரைவிலேயே ஒரு உண்மை புரிந்தது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நெல்லைச் சீமை அனல். அதே நாளில் ஐம்பது அறுபது கிலோமீட்டர் தள்ளி குற்றாலத்தில் சட்டை நனையாத சாரல், எலும்பு வரை போகிற காற்று.

இது உயரத்தின் வேலை இல்லை. ஊட்டி கடல் மட்டத்துக்கு 2,200 மீட்டருக்கு மேல். குற்றாலம் வெறும் அடிவாரம், 200 மீட்டர்கூட இல்லை. காரணம் செங்கோட்டை – ஆரியங்காவுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலையில் விழுந்த அந்த இடைவெளி வழியே தென்மேற்குப் பருவக்காற்று நுழைகிறது. கேரளாவில் மழையைக் கொட்டிவிட்டு மிச்ச ஈரத்தோடு இங்கே வருகிறது. அதுதான் சாரல், எங்க பேச்சுல தூத்தல்.

11/
ஜான் சல்லிவன் நீலகிரி ஏறியது 1819இல். அதற்குப் பிறகுதான் ஊட்டி வளர்ந்தது. அதுவரை மதுரைக்குத் தெற்கே இருந்த வெள்ளைக்காரனுக்கு உடம்பு சரியில்லையா, பல்லக்கு ஏறு, குற்றாலம் போ. பங்களாக்கள் முளைத்தன. திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்கும் இங்கே அரண்மனை. 1956இல் மாநிலங்களைப் பிரித்தபோது பக்கத்துச் செங்கோட்டை திருவிதாங்கூரிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தது. குற்றாலத்து அரண்மனை மட்டும் இன்னும் கேரள அரசின் சொத்து.

1904இல் கொல்லம் – செங்கோட்டை ரயில் பாதை வந்ததும் சாரல் எல்லாருக்குமானது. பல்லக்கு போய் மூன்றாம் வகுப்பு டிக்கெட் வந்தது.

12/
இப்போ ஒரு இருட்டான பக்கம். ஆரோக்கிய ஊர்னு சொன்ன இதே மலையடிவாரம் காய்ச்சல் ஊராவும் இருந்தது.

1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் ஒரு கொள்ளைக் காய்ச்சல் பரவியது. காரணம் கண்டுபிடிக்க கம்பெனி ஒரு மருத்துவக் குழுவையே அமைத்தது. அதில் ஒருவர் நம் நாட்டு மருந்துகளைப் பற்றி நூல் எழுதிய ஒயிட்லா ஐன்ஸ்லி. அறிக்கை 1816இல் லண்டனில் அச்சானது. அந்தக் காலத்து மருத்துவம் குற்றம் சாட்டியது யாரைத் தெரியுமா? ஈர நிலத்திலிருந்து கிளம்பும் கெட்ட காற்றை.

13/
'மலேரியா' என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று' என்றுதான் பொருள். கொசு என்று உறுதியாகத் தெரிய 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது.

யோசிங்க. காத்து நல்லதுன்னு ஒரு ஊருக்கு வர்றான். காத்து கெட்டதுன்னு அதே ஊரைவிட்டு ஓடுறான். காத்து ஒண்ணும் பண்ணல. காத்து பலமா அடிக்கும்போது கொசு பறக்க சிரமப்படும். காத்து நின்னு தண்ணி தேங்கினா கொசு பெருகும். நிகழ்வைச் சரியா கவனிச்சாங்க, காரணத்தைத் தப்பா சொன்னாங்க. மருத்துவ வரலாற்றில் பாதிக் கதை இதுதான்.

14/
அதே நூற்றாண்டில் ஐரோப்பாவில் குளிர்நீர் வைத்தியம் பெரிய மோகம் ஆனது. கிரேஃபன்பெர்க் என்ற மலைக் கிராமத்தில் பிரீஸ்னிட்ஸ் என்ற விவசாயி, மலை ஓடையைக் குழாய் வழியாக உயரத்திலிருந்து விழவைத்து நோயாளிகளை அடியில் நிறுத்தினார். செயற்கைக் குற்றாலம்! அரச குடும்பத்தினர்கூட வந்து நின்றார்கள். இங்கிலாந்தின் மால்வெர்னில் 1849இல் சார்ல்ஸ் டார்வின் மாதக்கணக்கில் இந்த வைத்தியம் எடுத்துக்கொண்டார், கொஞ்சம் தேறியதாகவும் உணர்ந்தார்.

தண்ணீரா தேற்றியது? வேலையை விட்டு விலகல், நடை, சீரான சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம். இதெல்லாமும் அந்த வைத்தியத்துல இருந்துச்சு.

15/
இப்போ எங்க வீட்டுக் கதை.

எங்க பெரியப்பா செங்கோட்டைப் பக்கம் ஒரு மரக்கடையில் கணக்கு எழுதிக்கிட்டு இருந்தார். முத்து முத்தான கையெழுத்து. முப்பது வயசுக்குள்ள ஆள் மாறிட்டார். தனியா பேசினார். யாரோ தன்னைத் திட்டுறாங்கன்னு காதைப் பொத்திக்கிட்டு திண்ணையில உட்கார்ந்திருப்பார். எனக்கு அப்போ எட்டு வயசு.

16/
ஆச்சி அவரைக் கூட்டிக்கிட்டு குற்றாலம் போனாங்க. 48 நாள். பீடி சுத்திச் சேர்த்த காசுல ஒரு சின்ன அறை. விடியக்காலையில தலையில நல்லெண்ணெய், பிறகு அருவி. சாயங்காலம் மறுபடி அருவி. ராத்திரி அவர் எழுந்து ஓடிடக்கூடாதுன்னு, அவர் வேட்டி நுனியைத் தன் கையில முடிஞ்சுக்கிட்டுத்தான் ஆச்சி படுப்பாங்களாம்.

திரும்பி வந்தப்போ ஆள் தெளிஞ்ச மாதிரி இருந்தார். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். "பாத்தியாலே, அருவி அழச்சுட்டுப் போனேன், என் புள்ளைய திருப்பிக் குடுத்துட்டு"ன்னு ஆச்சி ஊர் முழுக்கச் சொன்னாங்க.

17/
மூணு மாசத்துல பழையபடி ஆயிட்டார். அடுத்த வருஷமும் அருவி. அதுக்கடுத்த வருஷமும். இப்படியே பதினாலு வருஷம்.

நான் மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவு வகுப்பில் உட்கார்ந்திருந்த அன்னைக்கு பேராசிரியர் ஸ்கிட்சோஃப்ரீனியா பற்றிப் பாடம் எடுத்தார். அவர் சொன்ன ஒவ்வொரு அறிகுறிக்கும் எனக்குத் திண்ணையில காதைப் பொத்திக்கிட்டு இருந்த பெரியப்பாதான் தெரிஞ்சார். நோட்டுல ஒரு வரிகூட எழுத முடியல.

18/
இந்த நோய்க்கான முதல் மருந்தான குளோர்புரோமசின் பாரிசில் பயன்பாட்டுக்கு வந்தது 1952இல். அதாவது பெரியப்பாவுக்கு நோய் வந்தபோது மருந்து வந்து முப்பது வருஷம் ஆகியிருந்தது. மருந்து இருந்தது. எங்க ஊருக்கும் எங்க வீட்டுக்கும் அது வந்து சேரல. அவ்வளவுதான்.

மாத்திரை ஆரம்பித்து ஆறு வாரத்தில் பெரியப்பா சட்டையை ஒழுங்காப் போட்டுக்கிட்டு, "டீ குடிக்கப் போலாமாலே"ன்னு கேட்டார். ஆச்சி அதைப் பார்த்துட்டுத்தான் செத்தாங்க.

19/
புது டாக்டர் நான். திமிர் அதிகம். "இனி அருவி கிருவின்னு யாரும் பேசக்கூடாது. பதினாலு வருஷத்தை தண்ணில கரைச்சுட்டீங்க"ன்னு வீட்டுல சத்தம் போட்டேன். பெரியப்பா ஒவ்வொரு சாரலுக்கும் "குற்றாலம் போவமா?"ன்னு கேட்பார். நான் ஒவ்வொரு தடவையும் ஏதாவது சொல்லித் தட்டிக்கழிப்பேன்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி, எழுபது வயசை நெருங்கினவர் கேட்டார். பிரஷர் பார்த்தேன், இதயம் பார்த்தேன், சரியா இருந்தது. கூட்டிட்டுப் போனேன். ஐந்தருவியில கூட்டம் குறைவான நேரம். அரை மணி நேரம் கண்ணை மூடி நின்னார்.

20/
துவட்டிவிட்டுக்கிட்டே கேட்டேன், "அப்படி என்ன இருக்கு பெரியப்பா இதுல?"

சொன்னார்: "உள்ள நின்னா தண்ணிச் சத்தம் மட்டும்தான்டா. வேற எந்தச் சத்தமும் கேக்காது. அந்தக் காலத்துல எனக்கு அது ஒண்ணுதான் நிம்மதி."

இருபது வருஷமா நான் அவரிடம் கேட்காத கேள்வி.

21/
காதில் ஒலிக்கும் பிரமைக் குரல்களை வெளிச்சத்தம் சிலருக்குத் தற்காலிகமாக அமுக்கும். ஹெட்போனில் பாட்டுக் கேட்பது போன்ற வழிகளை மனநல மருத்துவர்கள் இன்றும் நோயாளிகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். பெரியப்பாவுக்கு அது ஐந்தருவி.

பித்தம் இறங்கல. மூலிகை ஏறல. நோய் குணமாகல. ஆனா அந்த 48 நாளில் கேலி பண்ற ஊர் இல்லை, ராத்திரி முழுக்கப் பக்கத்துல அம்மா, நேரத்துக்குக் குளியல், சாப்பாடு, தூக்கம், தினம் சில மணி நேரம் குரல்கள் இல்லாத அமைதி. கொஞ்சம் தெளிஞ்சார்னா அதுல ஆச்சரியம் என்ன? ஆச்சி கவனிச்சது பொய் இல்லை. காரணம் மட்டும்தான் வேற.

22/
அந்த அன்பு இல்லாத இடத்தில் இதே நம்பிக்கை என்ன ஆகும் என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த விடுதியில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள்.

இன்று மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 95 மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. வேட்டி நுனிக்கும் சங்கிலிக்கும் உள்ள தூரம்தான் நான் சொல்ல வர்றது.

23/
இனி நேரடிக் கேள்விகளுக்கு வருவோம்.

"மூலிகைத் தண்ணியா?" மலையில் மூலிகைகள் நிச்சயமா இருக்கு. ஆனா அவ்வளவு பெரிய வெள்ளம், அவ்வளவு வேகம். அதில் ஒரு செடியின் சத்து மருந்தாக வேலை செய்யும் அளவுக்குக் கரைய வழியில்லை.

"நெகட்டிவ் அயனியாமே?" அருவி காற்றில் மின்னேற்றம் உண்டாக்குவது உண்மை. ஜெர்மன் இயற்பியலாளர் லெனார்ட் 1892லேயே இதை எழுதினார். ஆனா அது நோயைக் குணப்படுத்தும் என்பதற்கு வலுவான ஆதாரம் கிடையாது.

24/
"அப்போ உடம்பு லேசா ஆகுதே, அது பொய்யா?" பொய்யே இல்லை. குளிர்ந்த நீர் பட்டதும் நார்அட்ரினலின் ஏறுது, மூச்சு ஆழமாகுது, விழிப்பு வருது. தோள்ல விழுற தண்ணி இறுகின தசையைப் பிடிச்சு விடுது. வெளிய வந்ததும் பசி பிடுங்கும். எல்லைக் கடை புரோட்டா எட்டு உள்ள போறது அதனாலதான். (சர்க்கரை நோயாளிகளே, அங்கதான் உங்க ஆபத்து. அருவியில இல்ல.)

25/
யாரெல்லாம் கவனமா இருக்கணும்?

இதய நோய், கட்டுக்குள் இல்லாத ரத்த அழுத்தம் உள்ளவங்க: திடீர்க் குளிர் ரத்தக் குழாயைச் சுருக்கி பிரஷரை ஏத்தும். ஓரமா கை கால் நனைச்சுப் பழகிட்டு, மருத்துவர் சம்மதிச்சா மட்டும் உள்ள போங்க.

வலிப்பு நோய் உள்ளவங்க: தனியா நிக்கவே கூடாது.

காது சவ்வில் ஓட்டை, கழுத்து எலும்புத் தேய்மானம்: தண்ணி நேரா தலையில, காதுல விழ விடாதீங்க.

குடிச்சிட்டு: தயவுசெய்து வேண்டாம். பாறை வழுக்கும், குளிர் தெரியாது, பக்கத்துல நிக்கிற குடும்பத்துக்கும் நிம்மதி இருக்காது.

26/
எண்ணெய், சோப்பு, ஷாம்பு: 2014இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அருவிகளில் இதைத் தடை செய்தது. சாமிக்கே தைலம் வைக்கிற ஊர்ல எண்ணெய்க்குத் தடையான்னு கேட்பீங்க. கீழ ஓடுற சிற்றாறு வயலுக்கும் வாய்க்காலுக்கும் போகுது. நம்ம தலை எண்ணெய் அவங்களுக்கு எதுக்கு? அறையிலேயே சீயக்காய் போட்டுட்டு வாங்க.

27/
மிக முக்கியம். 2024 மே 17, பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம். 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். நீங்க நிக்கிற இடத்துல வெயில் அடிக்கும், மலை மேல மழை கொட்டும்.

தண்ணி நிறம் மாறினா, இலை தழை சுள்ளி வர ஆரம்பிச்சா, இரைச்சல் கூடினா, அடுத்த நொடி வெளிய வாங்க. செருப்பு, செல்போன், துண்டு எதையும் எடுக்க நிக்காதீங்க. போலீஸ் குளிக்கக் கூடாதுன்னு கயிறு கட்டினா சண்டை போடாதீங்க.

28/
கடைசியா, முதல் கேள்விக்குப் பதில். "மனசு சரியில்லாத ஒருத்தரைக் குற்றாலம் கூட்டிட்டுப் போகலாமா?"

தாராளமா போங்க. ஆனா மருந்துக்குப் பதிலா போகாதீங்க. முதல்ல மருத்துவர், மாத்திரை. அரசு மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டம் இருக்கு, மருந்து இலவசம். எங்க போறதுன்னு தெரியலையா, 14416 'டெலிமானஸ்' எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். அப்புறம் மாத்திரையைப் பையில போட்டுக்கிட்டு சாரலுக்குக் கிளம்புங்க. சில மனநல மருந்துகள் தலைசுற்றலும் சோர்வும் தரும், அதனால கையைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க.

29/
பெரியப்பா போன வருஷம் தூக்கத்துலயே போய்ச் சேர்ந்தார். இந்த ஆனியில என்னை யாரும் "போவமா?"ன்னு கேட்கல. நானே போய் ஐந்தருவியில நின்னுட்டு வந்தேன். கண்ணை மூடினா அவர் சொன்னது சரிதான். தண்ணிச் சத்தம் மட்டும்தான்.

உங்க வீட்டுல யாராவது காதைப் பொத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தா, என்ன கேட்குதுன்னு அவங்ககிட்ட கேளுங்க. நான் இருபது வருஷம் லேட்.

சாரல் காலத்துக்கு வாழ்த்துகள். தேவைப்படுறவங்களுக்கு இந்த இழையைப் பகிருங்க.